சுரைப் பந்தலில் கல்யாண விளக்கு

மாசி 5, செவ்வாய்

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். அறிவொளி இயக்கக் காலத்தில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டதோடு சரி. வாயைத் திறந்தால் களையெடுக்கும் பெண்கள் களைக்கொத்தியைப் போட்டுவிட்டுக் கதை கேட்பார்கள். எழுதினால் எப்படி வருமோ தெரியாது. வீணாகக் கிடக்கும் தாளில் எழுதித்தான் பார்ப்போமே.

நேற்று மலையிலிருந்து பன்றி இறங்கிவிட்டது. பக்கத்துக்காட்டுச் சடச்சியின் கடலைக்கொல்லையை உழுது போட்டிருக்கிறது. டிராக்டர் விட்டால்கூட அவ்வளவு ஆழம் போகாது. சடச்சி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அடுத்தது நம் சுரைப் பந்தல்தானே?

மகன் முத்தழகு கல்யாண வீடுகளுக்கு மைக் செட்டும் லைட்டும் போடுகிறவன். தை கடைசி முகூர்த்தத்தில் அவனுக்கே கல்யாணம் ஆனது. அந்தக் கல்யாணத்துக்குக் கட்டிய போக்கஸ் லைட்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்து பந்தல் கல்தூண்களில் நான்கு மூலைக்கும் கட்டிவிட்டான். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் பந்தல் திருவிழாத் தேர் மாதிரி நின்றது. கொடியில் ஓடும் எறும்பைக்கூட எண்ணலாம். 

"இனிமே பன்னி இல்லப்பா, பன்னியோட பாட்டன் வந்தாலும் கண்ணு கூசி ஓடிப்போயிரும்" என்றான்.

மருமகள் மேகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்ம கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு வெளிச்சம் போடலையில்ல?" என்று அவனிடம் கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

மாசி 9, சனி

முதல் பூ வந்துவிட்டது. சுரைப்பூ எல்லாப் பூவையும்போல விடியலில் பூக்காது. பொழுது சாயும்போதுதான் முறுக்கு அவிழும். வெள்ளைவெளேர் என்று இருக்கும். காலை வெயில் ஏறினால் கசங்கிய துணி மாதிரி தொங்கிப்போகும்.

மேகலாவும் நானும் வேலியோரம் வெண்டை பறித்துக்கொண்டிருந்தோம். வேலியில் கல்யாண முருங்கை ரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கிறது. அதில் காக்காயும் மைனாவும் ஒரே கூச்சல். வரப்பில் பரங்கிக்கொடி, மஞ்சள் பூ, உள்ளே தேனீ உருண்டு புரண்டு மாவு பூசிக்கொண்டு வெளியே வருகிறது.

"ஏன் மாமா, இந்தக் காக்கா பரங்கிப்பூவுக்குப் போகமாட்டேங்குது?" என்று கேட்டாள். 

கதைக்காரனிடம் கேட்கலாமா அதை? ஆரம்பித்துவிட்டேன். ஆதியில் பூக்களுக்கு நிறமே கிடையாது. ஒருநாள் சேலை வியாபாரி ஒருவன் மூட்டையோடு வந்தான். விடிந்ததும் விடியாததுமாக முருங்கை ஓடிப்போய்ச் சிவப்பை எடுத்துக்கொண்டது. சிவப்பு எங்கே கிடந்தாலும் பறவையின் கண் அங்கேதான் விழும், அதனால் காக்காயும் மைனாவும் அதற்குச் சொந்தம். அடுத்து பரங்கி போய் மஞ்சளைப் பிடுங்கியது. தேனீ மஞ்சளுக்கு மயங்கும். சுரை மட்டும் தூங்கு மூஞ்சி. அது எழுந்து போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மூட்டையில் வெறும் வெள்ளைதான் கிடந்தது. "இதைக் கட்டினா என்னைய யாரு பாப்பாக?" என்று அழுதது. "கொஞ்ச நேரம் பொறு. இருட்டிருச்சுன்னா மத்த நெறமெல்லாம் மறைஞ்சு போகும். அப்ப உன் சேலை மட்டும்தான் தெரியும். இருட்டுல திரியிறவுக உன்னையத் தேடி வருவாக" என்றான் வியாபாரி.

"யாவாரி கெட்டிக்காரன் மாமா. மிச்சத்தையும் வித்துட்டான்" என்றாள் மேகலா. 

இந்த வயதுவரை இந்தக் கதைக்கு எவரும் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. 

என் மனைவி ராக்கம்மா தூரத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவள், அரிவாளோடு வந்துவிட்டாள். "புதுசாத் தாலி கட்டி வந்த புள்ளகிட்ட வெள்ளச்சேலைக் கதையா சொல்றது? உங்க வாயில வசம்பை வச்சுத் தேய்க்க!" 

எனக்குச் சுருக்கென்றது. கதைதானே.

மாசி 13, புதன்

விடிந்தால் முதல் வேலை, லைட்டுக்குக் கீழே செத்துக் கிடக்கும் விட்டில்களைக் கூட்டி அள்ளுவது. முறம் நிறைகிறது. சில விட்டில் உள்ளங்கை அகலம், தும்பிக்கை மாதிரி நாக்கு சுருட்டி வைத்திருக்கிறது. கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

மாசி 19, செவ்வாய்

முதலில் வருவதெல்லாம் ஆம்பளைப் பூ. அது வெறும் காம்பில் நிற்கும். இன்றுதான் பொம்பளைப் பூ நிறைய விரிந்தது. பூவுக்கு அடியில் விரல்கடை அளவு பிஞ்சு இருக்கும். பூ வாடிய பிறகு பிஞ்சு பருத்தால் காய், மஞ்சளடித்தால் போச்சு.

மேகலா சந்தோஷத்தில் பந்தலுக்கடியில் ஓடினாள். "மாமா, இந்தா இங்கன ஒண்ணு! அந்தா அங்கிட்டு ரெண்டு!" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். ராக்கம்மா ஓடிவந்து அந்தக் கையில் பட்டென்று ஒரு போடு போட்டாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 

"பிஞ்சை வெரல் நீட்டிக் காட்டுவாகளா? வெரலை மடக்கிக் காட்டணும்னு உங்காத்தா சொல்லிக் குடுக்கலையா?"

மேகலா கையைத் தடவிக்கொண்டே நின்றாள். கண் கலங்கிவிட்டது. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எங்க வீட்டு வேலியில சொரக்கொடி கெடக்கும் மாமா. பொழுது அடையிற நேரத்துல பெரிய விட்டிலு வரும், குருவி கணக்கா. பூவுக்குப் பூ நின்னு நின்னு போகும். இங்க பூவுகிட்ட ஒண்ணையும் காணோமே."

"அதெல்லாம் லைட்டைச் சுத்திக் கெடக்கு பாரு" என்றேன். அதன் பிறகு எங்கள் ஊருக்கு முதன்முதலில் கரண்டு வந்தபோது ஒச்சுக்கிழவர் பல்பை ஊதி அணைக்கப் பார்த்த கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கை வலி போலிருக்கிறது.

மாசி 22, வெள்ளி

பந்தலுக்கடியில் போய் அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பிஞ்சு அத்தனையும் மஞ்சள். தொட்டால் கையோடு வருகிறது. பாதி கீழேயே உதிர்ந்து கிடக்கிறது. புழு இல்லை, அழுகல் இல்லை, கொடி கருகருவென்று செழிப்பாக இருக்கிறது. இத்தனை வருஷம் சுரை போடுகிறேன், இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

சடச்சி வந்து பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "யாத்தி! மதினி, எவ வெரலை நீட்டுனது?"

ராக்கம்மாவின் பார்வை வீட்டுப்பக்கம் போனது. மேகலா அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சடச்சியும் அங்கே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, அவர்கள் பார்த்தார்கள், பார்த்தேன்.

மாசி 24, ஞாயிறு

பந்தலில் பழைய செருப்பும் விளக்குமாறும் கட்டித் தொங்கவிட்டோம். எலுமிச்சை அறுத்தாயிற்று. உரக்கடையில் கொடுத்த டானிக்கையும் அடித்தாயிற்று. மேகலா இனிமேல் பந்தலுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று ராக்கம்மா சொல்லிவிட்டாள். வரப்புப் பரங்கிக்கு மட்டும் அவள் தண்ணீர் ஊற்றலாம். 

செருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. என் சின்ன மாமனார் திருஷ்டிக்குச் செருப்புக் கட்டப்போய், மறதியில் காலில் போட்டிருந்த புதுச் செருப்பைக் கட்டிவிட்டு, பழையதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார். சந்தை முழுக்க வாரை இழுத்துக்கொண்டே நடந்தார். இந்தக் கதைக்கு மேகலா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அடுப்படியில் அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

மாசி 28, வியாழன்

அவள் போகாமலேயே பிஞ்சு உதிர்கிறது. இன்றும் ஒரு கூடை.

எனக்கு இது ஒரு ஆறுதலாக இருந்தது. அவள் கை இல்லை என்று ஆகிவிட்டதே. அதை ராக்கம்மாவிடம் சொன்னேன். ஆனால் சடச்சி விடவில்லை. "கை இல்லாட்டி காலு அண்ணே. வந்த காலு. இவ வந்த பெறகுதான பன்னி எறங்குச்சு? இவ வந்த பெறகுதான பிஞ்சு நிக்கல?" 

இதைக் கேட்டுக்கொண்டு மேகலா உள்ளேயிருந்து வந்தாள். அவள் அப்படி வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. தலையில் ஒரு பரங்கிக்காய். இறக்கி எங்கள் முன்னால் வைத்தாள்.

"இந்தக் கொடிக்கு நான்தான் தெனமும் தண்ணி ஊத்துறேன். நான்தான் களை வெட்டுறேன். பிஞ்சை வெரல் நீட்டியும் காமிச்சிருக்கேன், வேணும்னே. இதுல மட்டும் ஏன் அத்தை காய்ச்சுத் தொங்குது?"

ராக்கம்மா முகம் வெளிறிவிட்டது. வேணும்னே என்கிறாளே! மாமியாரை எதிர்த்துப் பேசிய அதிர்ச்சியில் அவள் கேட்ட கேள்வி யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. நான் காயை எடுத்து உள்ளே வைத்தேன். நல்ல கனம்.

பங்குனி 2, திங்கள்

மேகலாவை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கொஞ்ச நாள் ஆத்தாவோடு இருந்துவிட்டு வரட்டும் என்று ராக்கம்மா சொன்னாள். பந்தல் வெள்ளாமை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றும் சொன்னாள். அப்புறம் என்றால் எப்போது என்று யாரும் கேட்கவில்லை. முத்தழகு கோவில் கொடைத் திருவிழா ஒன்றுக்கு லைட் கட்டப் போயிருந்தான். அவன் இல்லாத நாளாகப் பார்த்து நடந்தது என்று சொல்ல முடியாது, தற்செயல்தான்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை போனேன், அவ்வளவுதான். கனமான பெட்டி, பெண் பிள்ளை எப்படித் தூக்குவாள்?

பஸ் வரும்வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமாக எனக்கு வாய் சும்மா இருக்காது. இன்றைக்கு வெயிலைப் பற்றிப் பேசினேன். 

"நீங்களும் நம்புறீங்களா மாமா?" என்றாள். 

அந்த நேரம் பார்த்து பஸ் வந்துவிட்டது.

பங்குனி 3, செவ்வாய்

கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன. முத்தழகு வந்தான். வீடு முழுக்கத் தேடினான். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

பங்குனி 6, வெள்ளி

மதியம் கோடை மழை. மழையா அது! ஆலங்கட்டி விழுந்தது. இடி விழுந்த சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. ஊர்க்கோடி டிரான்ஸ்பார்மர் வெடித்து நெருப்புக் கக்கியதைக் கண்ணால் பார்த்தேன். மாற்று டிரான்ஸ்பார்மர் வர நாளாகும் என்கிறார்கள். 

லைட் இல்லை. பன்றி வந்தால் அவ்வளவுதான். பந்தலைச் சுற்றி ராக்கம்மாவின் பழைய சேலைகளை மறைப்புக் கட்டினோம். மனிதவாடைக்கும் காற்றில் சேலை படபடப்பதற்கும் பன்றி பயப்படும் என்பார்கள். வருகிறதோ இல்லையோ, வெள்ளாமையே இல்லாத பந்தலில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று முத்தழகு கேட்டான். அவன் என்னோடு பேசியதே அந்த ஒன்றுதான்.

பங்குனி 7, சனி

எப்படி எழுதுவது?

பொழுது சாய்ந்து, ஆள் முகம் மங்குகிற நேரம். பன்றி வருகிறதா என்று பார்க்கத் தகர டப்பாவோடு பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். முருங்கையின் சிவப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, கறுப்பாகிவிட்டது. பரங்கிப்பூ எப்போதோ மூடிவிட்டது. தலைக்கு மேலே சுரைப்பூ மட்டும் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. லைட் போட்ட நாளிலிருந்து அதை இப்படிப் பார்க்கவே இல்லை. எல்லாமே வெளிச்சமாக இருக்கும்போது வெள்ளை எப்படித் தெரியும்?

விர்ரென்று காதோரம் ஒரு காற்று. வவ்வால் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தால் விட்டில். குருவி அளவு. ஒரு பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது, இறக்கை அடிப்பதே தெரியவில்லை. சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டிப் பூவுக்குள் விட்டது. எடுத்தது. அடுத்த பூ. இன்னொரு விட்டில் வந்தது. பிறகு இன்னும் நிறைய. ஆம்பளைப் பூவில் மாவு பூசிய மூஞ்சியோடு பொம்பளைப் பூவுக்குப் போகிறது. தேனீ பரங்கிக்குச் செய்வதை இது சுரைக்குச் செய்கிறது.

தகர டப்பா கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ராக்கம்மா பன்றி என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தாள். நான் மேலே காட்டினேன். விரலை நீட்டித்தான் காட்டினேன். 

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது அந்த..." என்றாள். 

"ஆமா. நான் முறத்துல அள்ளுனது" என்றேன்.

எத்தனை முறம்! கோழிக்குப் போட்டேனே, கோழிக்கு! இருட்டில் திரிகிறவர்கள் தேடி வருவார்கள் என்று ஊர் ஊராகக் கதை சொன்ன வாய் இது. கதை சொன்ன நாளில்கூடப் பந்தலில் லைட் கட்டியிருந்தது. 

ராக்கம்மா பந்தல் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. என்னையும் அவள் கேட்கவில்லை.

பங்குனி 8, ஞாயிறு

கூட்ட ஒன்றும் இல்லை. கோழிகள் லைட்டுக்கடியில் நின்று என்னை முறைக்கின்றன.

பங்குனி 12, வியாழன்

பிஞ்சு நிற்கிறது! மயிர் படர்ந்து, பச்சைப் பசேலென்று, தினம் ஒரு சுற்று பருக்கிறது. மஞ்சளில்லை. உதிரவில்லை. சந்தோஷப்பட வேண்டும். தொட்டுப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் கரண்டு வந்துவிட்டது. முத்தழகு பழக்கத்தில் சுவிட்சுப் பக்கம் நடந்தான். நான் கத்திய கத்தலில் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"என்னப்பா, ஷாக் அடிக்குதா?"

"லைட்டைப் போடாதடா. லைட்டுதான்டா காரணம்."

உட்காரவைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்ன கதை என் ஆயுசுக்கு இது ஒன்றுதான். பூ எதற்கு வெள்ளை, விட்டில் ஏன் வரவில்லை, ஏன் பரங்கி காய்த்தது, ஏன் சுரை காய்க்கவில்லை. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். தான் கட்டிய லைட் என்று வருத்தப்படுகிறான் என்று நினைத்து, "உனக்கு என்னடா தெரியும், பன்னிக்குத்தான கட்டுன" என்றேன். 

அவன் நிமிர்ந்தான். "அப்ப மேகலா?" என்றான். 

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. ராக்கம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நான் போன்ல கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறாப்பா. அனுப்புனவுக வரட்டும்னு அவ ஆத்தாவை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கா."

பங்குனி 15, ஞாயிறு

முதல் சுரைக்காய் இரண்டைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சம்பந்தி நல்ல மனுஷர். "வாங்க, வாங்க" என்று கட்டில் போட்டார், மோர் கொடுத்தார். மகளை அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேகலா வந்து நின்றாள். இளைத்திருந்தாள். காய்களை அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டிரான்ஸ்பார்மர் வெடித்தது, விட்டில் வந்தது, பிஞ்சு நின்றது.

"நீ அன்னைக்கே சொன்ன தாயி. பூவுகிட்ட விட்டிலைக் காணோம்னு. இந்தக் கெழட்டுப் பயதான் பல்புக் கதை சொன்னேன். உன் மேல ஒரு குத்தமும் இல்ல. வா, போவோம்."

நான் எதிர்பார்த்தது அவள் அழுவாள் என்று. இல்லையென்றால் கோபப்படுவாள், நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள்.

"காய் பிடிச்சிருச்சு. அதனால கூப்பிட வந்திருக்கீங்க. அப்படித்தான மாமா?"

"ஆமா தாயி" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

"டிரான்ஸ்பாரம் வெடிக்கலைன்னா?"

சம்பந்தி எழுந்து மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

"விட்டிலு ஏன் செத்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. என்னைய ஏன் அனுப்புனீங்கன்னு கண்டுபிடிக்கலையே. அடுத்த வருசம் மழை பெய்யாது. இல்ல, மாடு செனை பிடிக்காது. இல்ல, எனக்கே ஒரு பிள்ளை தங்காமப் போகும். அன்னைக்குப் பெட்டியத் தூக்கிக்கிட்டு யாரு வருவா, நீங்கதான?"

குரல் உயரவே இல்லை. கைச்செலவுக்குக் கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். எந்தக் கேள்விக்கும் ஒரு கதை வைத்திருப்பவன் நான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. 

"சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்று உள்ளே போனாள். நான் கொண்டுபோன சுரைக்காயைத்தான் அரிந்து கூட்டு வைத்துப் போட்டாள். சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

ஊர் பஸ் ஸ்டாப்பில் ராக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் இறங்கிய பிறகும் பஸ் படியையே பார்த்தாள். கண்டக்டர் விசில் அடித்துப் பஸ் போய்விட்டது.

"எங்க அவ?"

சொன்னேன். அவள் கேட்டதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ராக்கம்மா ரோட்டோரத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். 

"நீங்க என்ன சொன்னீக?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமா சொல்லல? ஊரு பூராக் கதை சொல்றீக!"

அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். 

"நாளைக்கு நான் போறேன். அடிச்சவ நானு, அனுப்புனவ நானு."

"போயி என்ன சொல்லுவ?"

"தெரியல. பஸ்ஸுல போறப்ப யோசிக்கிறேன். அப்பவும் வரலைன்னா அவ வாசல்ல உக்காந்து யோசிக்கிறேன்" என்றாள்.